தெற்கே மூக்கு நீட்டிய பஸ்

ஈஸ்வரபாண்டி டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினான். தான் இழுத்து வந்த மஞ்சள் பஸ்ஸை ஒரு தரம் பார்த்தான், எதிரே கிடந்த தரிசை ஒரு தரம் பார்த்தான். தரிசின் தெற்கு எல்லையில் வாய்க்கால் கரை ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. பஸ்ஸின் மூக்கு அந்தக் கரையை முட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு திருப்பு திருப்பிருவோம். மூஞ்சி பாதையப் பாக்க நிக்கட்டும். நாளப்பின்ன வேற எங்கிட்டாவது இழுக்கணும்னா லேசு. வாலப் பிடிச்சு இழுத்தா முன்சக்கரம் சொன்னபடி கேக்காது."

"திருப்புனா வாசப்படி எங்கிட்டுப்பா பாக்கும்?" என்று பால்பாண்டி கேட்டார்.

ஈஸ்வரபாண்டி கையை நீட்டினான். மேற்கே, தென்னைகளுக்கு அப்பால், சுடுகாட்டுக் கொட்டகையின் தகரம் வெயிலில் மின்னியது.

"வேணாம். இப்படியே இருக்கட்டும். கெழக்க பாத்த வாசல்."

"பஸ்ஸுக்கு என்னண்ணே வாசல்? இதுல ஏறுன பிள்ளைக எல்லாம் வாஸ்து பாத்தா ஏறுச்சு?"

"அதுக இறங்கி வீட்டுக்குப் போயிருச்சுக. நாங்க எங்க போக?"

ஈஸ்வரபாண்டி சங்கிலியைக் கழற்றிக்கொண்டு, வெறும் தரிசில் டிராக்டரை வளைத்து ஓட்டிப் போய்விட்டான்.

வாய்க்கால் புறம்போக்கில் இருந்த பால்பாண்டியின் வீட்டை ஜேசிபி வந்து தள்ளிய பிறகு, ஒன்பது உருப்படிகளும் கோயில் மண்டபத்திலும் மாட்டுக் கொட்டத்திலுமாகப் பிரிந்து கிடந்தார்கள். வாடகைக்குப் போனால் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. பதிலைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்கள். தேனியில் பழைய இரும்புக் கடையில் இந்தப் பள்ளிக்கூட பஸ் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது என்று மகன் மாரிசெல்வம்தான் கண்டுபிடித்து வந்தான். பெண்சாதி அக்கம்மாளின் தோடு பஸ்ஸானது. நிறுத்த இடம் கொடுத்தவர் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சுந்தர்ராஜ் முதலாளி. வாடகை கேட்கவில்லை. "இங்கன குடியிருக்கவுக இங்கனதான் வேலை பாக்கணும். அம்புட்டுத்தான்" என்றார். பால்பாண்டிக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது.

சீட்டுகளைக் கழற்றவே ஒரு வாரம் போனது. துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டு விட்டு ஊறவைத்தார்கள். சீட்டுக்கு அடியில் ஒட்டிக் காய்ந்த பபிள்கம், ஒற்றைச் செருப்பு, யாரோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள். பால்பாண்டி தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துப் படித்தவர். கிடைத்ததை எல்லாம் வாய்விட்டுப் படித்துவிடுவார். சீட்டின் முதுகில் இருந்த 'சசிதரன் லூசு' வரைக்கும் படித்தார். பின்பக்கத்துச் சின்னக் கதவில் சிவப்பாக எழுதியிருந்ததையும் விரல் வைத்துக் கூட்டினார். "அ-வ-ச-ர வ-ழி."

"அவசரத்துக்கு வெளிய ஓடுறதுக்கு மாமா" என்றாள் மருமகள் சிம்ரன். "ராத்திரி பிள்ளைக ஒண்ணுக்குப் போகவும் ஆகும்."

எஞ்சின் இருந்த பெட்டி அடுப்பு மேடையானது. கைபிடிக் கம்பியில் கைப்பிள்ளைக்குத் தூளி தொங்கியது. அதே கம்பியில் மூன்று சேலைகள் கட்டி மூன்று அறைகள் ஆக்கினார்கள். டிரைவர் சீட்டை மட்டும் கழற்றவில்லை. அது பால்பாண்டியின் தம்பி சுருளியாண்டிக்கு. கல்யாணம் ஆகாதவனுக்கு அது போதும் என்று எல்லோரும் முடிவுசெய்தார்கள். அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கினான். "எங்கய்யா கொழுந்தனாரே, மதுரையா, திண்டுக்கல்லா?" என்று அக்கம்மாள் காலையில் எழுப்புவாள். "வாய்க்காக் கரைக்குத்தான் மதினி. அதத் தாண்டி விட மாட்டேங்குதே" என்பான்.

வெயில் நேரத்தில் தகரம் கொதித்தது. கூரைமேல் தென்னங்கிடுகு போட்டும் ஜன்னல் கம்பிகளைத் தொட முடியவில்லை. ஆனாலும் விடிகாலையில் மேகமலைக்கு மேலே சூரியன் எழும்பி நேராக வாசற்படியில் வந்து விழும். பால்பாண்டி அந்தப் படியில் உட்கார்ந்து டீ குடிப்பார். 'பிடிக்கலைன்னா என்ன, சக்கரம் இருக்குல்ல' என்று மனசுக்குள் ஒரு மூலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டயர்களில் காற்று இறங்கிய பிறகும் அந்த நினைப்பில் காற்று இறங்கவில்லை.

முதல் மழை முடிந்ததும் முதலாளி அந்தத் தரிசிலும் திராட்சைப் பந்தல் போடச் சொன்னார். கல்லுக்கால் ஊன்றுவதில் பால்பாண்டியை அந்தப் பக்கத்தில் அடிக்க ஆளில்லை. நூல் பிடித்து, குழி தோண்டி, கல்லை இறக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். ஒரு முனையிலிருந்து பார்த்தால் வரிசை முழுக்க ஒரே கல்லாகத் தெரிய வேண்டும். அதுதான் அவருடைய கணக்கு. பஸ்ஸைச் சுற்றி நூல் ஓடியது. அவசர வழிக் கதவுக்குப் பின்னால் ஒரு குழி விழுந்தது.

"அண்ணே, இந்த ஒரு கல்லை ரெண்டடி தள்ளிப் போட்டா என்ன?" என்றான் சுருளியாண்டி, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு.

"தள்ளுனா வரிசை கோணிப் போகும்டா. பாக்குறவுக இதுவா பால்பாண்டி போட்ட பந்தலும்பாக."

கல் இறங்கியது. பால்பாண்டி கண்ணை மூடிப் பார்த்தார். மயிரிழை பிசகில்லை. அன்று சாயங்காலம் முதலாளி பார்த்துவிட்டு, "ஆளுன்னா நீ ஆளு" என்றார். வீட்டுக்கு வந்தும் பால்பாண்டி அதையே இரண்டு தரம் சொன்னார். அக்கம்மாள் மட்டும் அரிசி களைந்தபடி பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடி ஏறி, கம்பியெல்லாம் படர்ந்து, பஸ்ஸின் கூரை விளிம்பு வரைக்கும் இலை வந்துவிட்டது. நடுவில் ஒருநாள் மாரிசெல்வம் சொல்லாமல் ஜீப்பேறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனான். அன்று பொழுது இறங்கியதும் பஸ்ஸில் கரண்ட் இல்லை. முதலாளியின் மோட்டார் ரூமில் ஃபியூஸைக் காணோம். மறுநாள் மாரிசெல்வம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கொடி நறுக்கும் கவாத்துக்குப் போனதும் கரண்ட் வந்தது. 

இந்த நேரத்தில்தான் மகள் அபிதாவுக்குத் தேனியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. முதலாளியிடம் சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பழ அறுப்பு நேரமாச்சே, ஒரு கை குறையுமே" என்று மட்டும் சொன்னார். அக்கம்மாளின் தம்பி தேனிக்குப் பக்கத்தில் ஜெயமங்கலத்திலிருந்து போன் செய்தான். தன் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது, பஸ்ஸை அங்கே கொண்டுவந்து போடுங்கள், பிள்ளை அங்கிருந்து காலேஜுக்குப் போகட்டும் என்றான். அபிதாவை மட்டும் முதலில் அனுப்பலாமே என்றான் மாரிசெல்வம். "மொறமாப்பிள்ள ரெண்டு பேரு மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியிற வீட்ல கொமரியத் தனியா விடுறதா? படிக்கவா போறா, பத்திரிகை அடிக்கவா?" என்று அக்கம்மாள் வெட்டிவிட்டாள். போனால் வீட்டோடு போவது. அப்படித்தான் முடிவானது.

பால்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலாளி முன்னால் நின்றார். சொல்லி முடிக்கும்வரை அவர் புல்லட்டிலிருந்து இறங்காமல் கேட்டார்.

"எடுத்துட்டுப் போப்பா. ஒம் பஸ்ஸு. நான் என்ன சங்கிலி போட்டா கட்டி வச்சிருக்கேன்?" என்றார். பிறகு பந்தலை நிமிர்ந்து பார்த்தார். "கொடியில ஒரு இலை கிழியக் கூடாது. கல்லு ஒண்ணு அசையக் கூடாது. அது மட்டும் பாத்துக்க."

ஈஸ்வரபாண்டி வந்து பார்த்தான். பஸ்ஸைச் சுற்றி நடந்தான். குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தான். முன்னால் வாய்க்கால் கரை. மற்ற மூன்று பக்கமும் கல்.

"கிரேன் வச்சுத் தூக்கலாம்னா கிரேன் வந்து நிக்க எடமில்ல, சுத்திலும் பந்தல். அண்ணே, இது யாரு போட்ட வரிசை? இம்புட்டு நேரா?"

 அக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். "கெழக்க பாத்த வாசல்ல, அதான் லச்சுமி உள்ள வந்து உக்காந்துட்டா. வெளிய போக வழி தெரியல அவளுக்கு." சிரிக்கத்தான் சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அபிதா தூளியை ஆட்டிக்கொண்டே, "யப்பா, விடுங்க. அடுத்த வருசம் பாப்போம்" என்றாள். அவள் விரல் நுனிகள் எல்லாம் திராட்சைக்கு அடித்த மருந்தில் நீலம் பாரித்திருந்தன. பால்பாண்டி அதைப் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி எழுந்து, சேலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்கோடிக்குப் போனார்.

அங்கே தட்டுமுட்டுச் சாமான் ஏறிக் கிடந்தது. அரிசிக் குண்டானை நகர்த்தி, பாய்ச் சுருட்டை நகர்த்தி, சிவப்பு எழுத்துக்கு முன்னால் நின்றார். இப்போது விரல் வைத்துக் கூட்ட வேண்டியதில்லை. பார்த்ததுமே படிக்க வந்துவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். துரு முனகியது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு ஒரு சாண் திறந்து, 'ணங்'கென்று கல்லில் இடித்து நின்றது.

அந்த ஒரு சாண் இடைவெளியில் சாயங்கால வெளிச்சம் இலைகளுக்குள் பச்சையாகத் தெரிந்தது. பாய்ச் சுருட்டுக்குப் பின்னால் முட்டை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த கோழி, அவர் காலுக்கு ஊடே வந்தது. கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு பிதுங்கி வெளியே குதித்தது.

பால்பாண்டி இடைவெளியில் கண்ணை வைத்து அது போகும் திசையைப் பார்த்தார். தன்னை அறியாமல் மற்ற கண் மூடிக்கொண்டது. பாதை வரைக்கும், வரிசை முழுக்க, ஒரே கல்லாகத் தெரிந்தது.