ஈறில் முளைத்தது

மாரீஸ்வரிக்கு ஆறாம் மாதம் தொடங்கியபோது மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில், ஈறில், மிளகு அளவுக்குச் சிவப்பாக ஏதோ முளைத்தது. பிரஷ் பட்டதும் ரத்தம் கொட்டியது. பயந்துபோய்ப் பல் விளக்குவதையே விட்டாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு சரி. சில வாரங்களில் அது மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா வாய்ப்புற்று வந்து செத்தவர். அவருக்கும் இப்படித்தான் சின்னதாக ஆரம்பித்தது. கடைசியில் கன்னம் ஓட்டை விழுந்து, ஊட்டிய கஞ்சியெல்லாம் அதன் வழியே ஒழுகும். துடைத்துவிட்டது மாரீஸ்வரிதான். அதனால் கண்ணாடியில் கட்டியைப் பார்த்த அன்றே முடிவு தெரிந்துவிட்டது. அழுகை வரும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கியது. போய் இறக்கி வைத்தாள்.

நாத்தனார் பூமாரிக்குக் குழந்தை இல்லை, அவள் வளர்த்துக்கொள்வாள். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டும் புருஷன் தங்கப்பாண்டிக்கு வயசு இருக்கிறது, இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வான். நாளைக்கு என்ன குழம்பு என்று யோசிப்பதுபோல இதையெல்லாம் யோசித்து முடித்தாள். வயிற்றுப் பிள்ளை உதைத்தபோது யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

வளைகாப்பன்று மாமியார் கஸ்தூரியம்மாள் அதிரசத்தைப் பிட்டு ஊட்டினாள். அதிரசத்தின் முறுகல் ஓரம் கட்டியில் உரசிவிட்டது. ரத்தம் தாடையில் வழிந்து பச்சைப் பட்டில் சொட்டியது.

“ஏத்தா மாரீ, என்னத்தா இது? வாயத் தொற!”

“ரொம்ப நாளாவே இருக்கு அத்தே. எங்கப்பாவுக்கு வந்ததுதான்.”

பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். வளையல் போட வந்த பெண்கள் தங்கப்பாண்டியைக் கூப்பிட ஓடினார்கள்.

தங்கப்பாண்டி ஜீப்பை எடுத்தான். கஸ்தூரியம்மாள் குறுக்கே வந்தாள். “மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாதும்பாகளேப்பா. பிள்ளைக்கு ஆகாதாம்.”

“மொதல்ல இவ பொழைக்கணும்மா” என்று அவன் கிளம்பிவிட்டான்.

கம்பத்தில் பல் டாக்டர் ஜாய்ஸ் விளக்கை இழுத்து வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

“இதப் பாத்தா புத்து மாதிரி இல்லைங்க. மாசமா இருக்கும்போது ஹார்மோன் கூடுறதுல நெறையப் பேருக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும். சிலருக்கு இப்படிக் கட்டியாவும் வந்துரும். பல்லு வெளக்குறத விட்டுட்டீங்க, அழுக்கு சேந்து பெருத்துருச்சு. பிள்ளை பொறந்தா பெரும்பாலும் தானாச் சுருங்கிரும். சுருங்கலேன்னா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாத்துக்கலாம்.”

“பல்லுல கை வச்சா பிள்ளைக்கு?” என்றான் தங்கப்பாண்டி.

“ஒண்ணும் ஆகாது. அப்படியே விட்டாத்தான் தொல்ல. இப்பவே கிளீன் பண்ணிர்றேன். மெத்துன்னு இருக்குற பிரஷ் வாங்கி ரெண்டு வேளையும் வெளக்கணும், ரத்தம் வந்தாலும் விடக் கூடாது.”

தங்கப்பாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கி அழுதான். மாரீஸ்வரி அவன் முதுகைப் பார்த்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வந்தபாடில்லை.

மெஷின் பல்லிடுக்கில் இரைந்தது. “வலிக்குதாம்மா?”

“எதுவும் தெரியல டாக்டர்.”

“மரத்துப்போற ஊசியே போடலையே.” ஜாய்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, முகக்கவசத்தை இறக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். “எவ்வளவு நாளா இத மனசுலயே வச்சிருந்தீங்க?”

மாரீஸ்வரி மறுபடியும் வாயைத் திறந்து காட்டினாள்.

திரும்பும்போது திராட்சைப் பந்தல்கள் பின்னே ஓடின. ஜீப் குலுங்கும்போதெல்லாம் கை நிறைய வளையல் சத்தம்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க அழுவீக.”

“நீ அழுதியா?”

“இல்ல.”

அவன் கியரை மாற்றினான்.

பெண்பிள்ளை பிறந்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் கட்டி சுருங்கி, ஈறோடு ஈறாக அடங்கிவிட்டது. கஸ்தூரியம்மாள் தெருவில் கர்ப்பிணி யாரைக் கண்டாலும் “மொதல்ல பல்லக் காட்டிட்டு வா” என்று துரத்தினாள். மாரீஸ்வரி சோறாக்கினாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

மூன்றாம் மாதம் பேர் வைக்கிற அன்று, காதில் சொல்ல என்ன பேர் என்று பூமாரி கேட்டாள். எல்லாரும் மாரீஸ்வரியைப் பார்த்தார்கள். தான் ஒரு பேரும் யோசித்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இப்ப நீங்க ஒண்ணு வையுங்க அத்தே” என்றாள் மாமியாரிடம். “நான் வீட்டுல கூப்பிட ஒரு பேரு, மெதுவா யோசிச்சுச் சொல்றேன்.”