முள்ளெலிக்கு எழுதிய அட்டை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் உட்கார்ந்தது கலைக்காக அல்ல. என் அண்ணன் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும், அதற்காக. இரண்டு வருடமாக அவன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நான் எழுதுவது எந்தப் பத்திரிகையில் வந்தாலும் வாங்கி, கையில் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிறானாம். இதைச் சொன்னது அண்ணி.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். கதையில் ஒரு விலங்கின் பெயரை வேண்டுமென்றே தப்பாக எழுதிவிடுவது. அண்ணன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான், இதை மட்டும் மாட்டான். படித்த அரை மணி நேரத்தில் ஃபோன் வரும். "அது அப்படி இல்ல" என்று ஆரம்பிப்பான். அந்த மூன்று வார்த்தை கிடைத்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

(மூன்று வார்த்தைக்கு ஒரு முழுக் கதையா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த தொழில் இதுதான்.)

2

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். வீட்டில் அவனுக்குத் திருத்தம் என்று பெயர், எனக்குப் பிசகு. இரண்டும் அப்பா வைத்தவை. குளியலறையில் நான் "தவளை!" என்று அலறினால், அண்ணன் ஓடிவந்து என்னைப் பார்க்கமாட்டான், மூலையைப் பார்ப்பான். "தவளை இல்ல, தேரை. தோல் எப்படிச் சொரசொரன்னு இருக்கு பாரு." சுவரோரம் ஓடியதை ஓணான் என்றேன். "ஓணான் இப்படி வழவழன்னு மின்னுமா? அது அரணை." அடுப்படியில் எலி என்றேன். "மூக்கு நீளமா இருக்கே, தெரியல? மூஞ்சூறு." நான் அதற்குள் நாற்காலி மேல் ஏறியிருப்பேன். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அவனுக்கு மிகவும் பிடித்த ஜோடி முள்ளம்பன்றியும் முள்ளெலியும். உடம்பெல்லாம் முள்ளாக எதைப் பார்த்தாலும் முள்ளம்பன்றி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான். "பிசகு, கேளு. முள்ளம்பன்றி பன்றியே இல்ல, அது எலி இனம். முள்ளெலி எலியே இல்ல, அது மூஞ்சூறுக்குச் சொந்தம். பேரு வெச்சவன் தலைகீழா வெச்சிட்டுப் போயிட்டான். கஷ்டப்படுறது நாம." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த முகத்தைச் சரியாக எழுத ஐந்து முறை முயன்றேன். வரவில்லை, விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவனுக்கு விலங்கியல் அருங்காட்சியகத்தில் பெயரட்டை* எழுதும் வேலை கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. பஞ்சடைத்த விலங்குகள், கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றின் காலடியிலும் அண்ணனின் கையெழுத்து. இருபத்தாறு வருடம் எழுதினான். ஓர் அட்டைக்கு முக்கால் மணி நேரம் எடுப்பான். 'ழ' வந்தால் இன்னும் பத்து நிமிடம்.

* அட்டை என்றால் இரத்தம் உறிஞ்சுவதும்தான். இங்கே நான் சொல்வது காகிதம். இந்தக் குறிப்பு அண்ணனுக்காக, முதலிலேயே சண்டை வேண்டாம் என்று.

3

கதை நடப்பது புதிய கூடத்தின் திறப்பு விழாவில். எப்படித் தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: "கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு சிறுத்தை நின்றது. கண்ணின் மூலையிலிருந்து வாய் வரைக்கும் கறுப்புக் கோடு இறங்கிய முகம்."

(இதுதான் தூண்டில். கண்ணிலிருந்து கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி, சிறுத்தை அல்ல. பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணனுக்கு இந்த இடத்தில் பென்சில் முனை ஒடியும்.)

தொடக்கம் இரண்டு: "விழாவுக்கு முந்தின நாள் அண்ணன் விடுப்பில் இருந்தான். அண்ணிக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. மருத்துவமனை வராந்தாவில், பெஞ்சில் ஒரு பலகையை வைத்துக் கடைசி இரண்டு அட்டைகளை எழுதி முடித்தான். அதனால் நான்தான்—"

வேண்டாம். இந்த வாக்கியம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. நேராக விழாவுக்கே போய்விடலாம்.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். வெயில் கண்ணில் அடித்தது, திரும்ப இழுத்தேன்.

4

விழா நாள். நாற்பது பேர் இருக்கும். அண்ணன் மருத்துவமனையிலிருந்து நேராக வந்து, வாசலில் விருந்தினர்களோடு சேர்ந்துகொண்டு உள்ளே வந்தான். சட்டையில் இஸ்திரி இருந்தது, கண்ணில் தூக்கம் இல்லை. இயக்குநர் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டிக்கொண்டே வந்தார். நான் அண்ணனுக்கு இரண்டடி பின்னால்.

ஆறாவது பெட்டியில், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்ன உருண்டை. அதன் காலடியில் அண்ணனின் முத்து முத்தான எழுத்தில்: முள்ளம்பன்றி.

வாழ்நாள் முழுக்க நான் காத்திருந்த பெட்டி அது.

"திருத்தம்!" என்று கூவினேன். வீட்டுப் பெயரை, அத்தனை பேர் நடுவில். "இதுவா முள்ளம்பன்றி? சட்டைப் பைல போட்டுக்கலாம் போல இருக்கு! இது முள்ளெலி அண்ணா, முள்ளெலி! எத்தனை வருஷம் என் உயிர வாங்கின!"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துப் பெட்டியில் ஆள் இடுப்பைக் குத்தும் உயரத்துக்கு முள்ளை விரித்துக்கொண்டு நின்ற விலங்கின் கீழே 'முள்ளெலி' என்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். இயக்குநர் தன் பங்குக்கு, "இருபத்தாறு வருஷமா இப்படித்தான் எழுதிட்டிருக்காரான்னு செக் பண்ணணும்" என்றார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னச் சாவியை எடுத்து இரண்டு பெட்டிகளையும் திறந்தான். அட்டைகளை இடம் மாற்றினான். பூட்டினான்.

அடுத்த மாதமே எல்லாப் பெட்டிக்கும் அச்சடித்த அட்டை வந்துவிட்டது. அண்ணனைப் பின்புறக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே எழுத ஒன்றும் இல்லை.

இதுதான் கதை. கேலி பொறுக்காத ஓர் அண்ணன், கொஞ்சம் வாய் நீளமான ஒரு தங்கை. இப்படித்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

5

பத்திரிகையின் மெய்ப்புத் திருத்துநர் நேற்றுக் காலை ஃபோன் செய்தார். நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்துப் பார்த்தால், யார் சொன்னதையும் அப்படியே நம்பும் பெண்மணி இல்லை.

"உங்க கதைல சிறுத்தை தப்பா இருக்கு. சிவிங்கிப்புலின்னு மாத்திட்டேன்."

"ஐயோ, மாத்தாதீங்க மேடம். அது தெரிஞ்சே விட்ட தப்பு. அதையும் கதைலயே சொல்லியிருக்கேனே, அடைப்புக்குறிக்குள்ள."

"அடைப்புக்குறிக்குள்ள ஆயிரம் சொல்லலாம். தப்பு தப்புதான். அப்புறம் எதுக்கு எனக்குச் சம்பளம்?"

"ஒருத்தர் ஃபோன் பண்ணணும்னு விட்டிருக்கேன் மேடம். தயவுசெஞ்சு."

மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம். நான் கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"சரி, அது இருக்கட்டும். இது என் வேலை இல்ல, இருந்தாலும் கேக்கறேன். முந்தின நாள் முழுக்க அவரு ஆஸ்பத்திரில இருந்தாரு. மறுநாள் எல்லார் கூடவும்தான் உள்ள வர்றாரு. அப்படின்னா அந்த ரெண்டு அட்டைய பெட்டிக்குள்ள வெச்சது யாரு?"

நான் நின்றுவிட்டேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? அந்தத் தொடக்கம் ரெண்டுல 'அதனால் நான்தான்'னு ஒரு வாக்கியம் பாதில நிக்குது. அத முடிச்சு அனுப்புங்க. இல்லன்னா எடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு."

6

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரே வாக்கியம். அடித்தால் கதையில் ஓட்டை தெரியாது. அந்த அம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

முடிக்கிறேன்.

அதனால் நான்தான் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். வராந்தாவில் உறையை என் கையில் கொடுத்து அண்ணன் சொன்னான்: "ரெண்டே ரெண்டு பாக்கி. காவலாளிகிட்ட சொல்லியிருக்கேன், பெட்டிய திறந்து விடுவாரு. பாத்து வெச்சிடு பிசகு." "எனக்குத் தெரியாதா?" என்று சிடுசிடுத்தேன். கூடத்தில் போய் நின்றபோது, என் புத்தகத்தைப் பற்றி யாரோ ஃபோனில் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு இரண்டு அட்டைகளையும் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதற்கு எது என்று நான் பார்க்கவே இல்லை.

அண்ணன் இரண்டையும் சரியாகத்தான் எழுதியிருந்தான்.

மறுநாள் கூவியபோது எனக்கு அது நினைவில் இல்லை. இது சத்தியம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தானே, அது அப்போதுதான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பேன் என்று பார்த்தான். நாற்பது பேர் என் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகுதான் அவன் சாவியை எடுத்தான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம்கூட இல்லை. போன மாதம் அண்ணி என்னிடம் சொன்னார்: "எல்லாம் என் ஆபரேஷனாலதான். அந்தக் கவலைல மாத்தி வெச்சிட்டாரு. நான் மட்டும் அந்த வாரம் படுக்காம இருந்திருந்தா…" அப்போதும் நான், "விடுங்க அண்ணி, ஆனது ஆச்சு" என்று பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எப்படி அழகாக எழுதுவது என்று தெரியவில்லை.

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் அண்ணன் ஃபோன் செய்து, "அது சிறுத்தை இல்ல" என்கிறான், இருவரும் சிரிக்கிறோம். கிழித்துவிட்டேன். செய்யாத தப்புக்கு இரண்டு வருடம் கிடங்கில் இருந்தவனைத் தூண்டில் போட்டுப் பிடித்து, என்னையே மறுபடியும் திருத்த வைத்து, அதற்குச் சமாதானம் என்று பெயர் வைப்பதா?

இரண்டாவதில் அவன் ஃபோன் செய்வதே இல்லை. நான் ஜன்னலோரம் நின்று வருந்துகிறேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவதில் பாதி எழுதும்போதே மேசையைவிட்டு எழுந்துவிட்டேன்.

இன்று காலை அந்த அம்மாளுக்குத் தகவல் அனுப்பினேன்: சிவிங்கிப்புலி என்றே இருக்கட்டும், அடைப்புக்குறியையும் எடுத்துவிடுங்கள் என்று. "எடுக்க மாட்டேன். படிக்கிறவங்க உங்க புத்தியையும் தெரிஞ்சுக்கட்டும். தொடக்கத்தையும் நீங்க எழுதின மாதிரியே விட்டுட்டேன்" என்று பதில் வந்தது. கதை முழுவதையும் அருங்காட்சியக இயக்குநரின் முகவரிக்கும் அனுப்பிவிட்டேன். தூண்டிலுக்கு இனி மதிப்பில்லை. அண்ணன் என்னைக் கூப்பிட இந்தக் கதையில் ஒரு காரணமும் மிச்சம் இல்லை. நான்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டுவிட்டேன். இடது கையில் ஃபோன், வலது கையில் பேனா.

அண்ணிதான் எடுத்தார். "சொல்லும்மா, நல்லா இருக்கியா?"

"அண்ணி, அந்த அட்டைய மாத்தி வெச்சது அண்ணன் இல்ல. நான்தான். உங்க ஆபரேஷனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அண்ணி வாயை ஃபோனிலிருந்து தள்ளி வைத்துக் கூப்பிட்டார்: "என்னங்க, இங்க வாங்க. உங்க தங்கச்சி லைன்ல இருக்கா. இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அவன் வருகிறான்.

வாசகரே, இதற்கு மேல் நீங்கள் வேண்டாம். நான் அவனைச் சிறுமைப்படுத்தியது எல்லோர் முன்னாலும் நடந்தது, அதனால் உண்மையையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் சொல்லப்போவது என்னவாக இருந்தாலும் நான் ஒருத்தி கேட்டுக்கொள்கிறேன். பேனாவைக் கீழே வைக்கிறேன்.