பக்கீர் பாயின் ஒரு மூச்சு

கோவளத்தில் மீன் ஏலம் விடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கொட்டிய மீன் வெயிலில் கெடுவதற்குள் விலை ஏறி முடிந்தாக வேண்டும். சுற்றி நிற்கிற நாற்பது பேரில் ஒருத்தனுக்குக்கூட யோசிக்க இடம் கொடுக்கக் கூடாது. பக்கீர் முகமது இருபத்தாறு வருஷமாக அந்த வேலையைத்தான் பார்த்தார். தம் பிடித்து விலை சொல்ல ஆரம்பித்தாரானால் நடுவில் மூச்சு வாங்க மாட்டார். அப்பேர்ப்பட்ட ஆளைக் கிழக்குத் தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்க வைத்து, "ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ணுவீங்க பாய்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருத்திக்காவது, நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று கேட்கத் தோன்றியதா? இல்லை. கூத்தைப் பாருங்கள்.

அப்படிக் கேட்காதவர்களில் செல்வமேரியும் ஒருத்தி. நர்ஸாகப் பதினெட்டு வருஷ சர்வீஸ். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பேர் எடுத்தவள். அதனால்தான் பின்னால் அவளுக்கு அந்தத் தவறு அப்படி வலித்தது.

பாய்க்கு வந்தது நரம்பு வியாதி. இரண்டு வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அது போய்விட்டது. ஆனால் கிருமியை விரட்டக் கிளம்பின உடம்பு, வேலை முடிந்த பிறகும் ஓயாமல் சொந்த நரம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் முழங்கால் மடங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் மணலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. படகுக்காரர் ஜெயவேலுதான் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

பெரிய டாக்டர் ஸ்ரீநிவாசன் பார்த்துவிட்டு ஐந்து நாளைக்கு ஊசி எழுதினார். "இது கால்லேருந்து மேல ஏறும். நெஞ்சுக்கு வந்தா மூச்சு நிக்கும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை ஒரே மூச்சுல எண்ணச் சொல்லுங்க. இருபதுக்குக் கீழ போனா உடனே கூப்பிடுங்க" என்றார்.

அன்று ராத்திரி டியூட்டியில் இருந்தவர்கள், பாய் முப்பதைத் தொட்டதுமே "போதும் பாய், போதும்" என்று நிறுத்திவிட்டார்கள். வார்டு வழக்கம் அது. இருபது தாண்டினால் சரி, மேலே எதற்கு நேரத்தை வீணாக்குவது? சார்ட்டில் 'முப்பதுக்கு மேல், நார்மல்' என்று எழுதினார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் செல்வமேரி வந்தாள். அவள் யாரையும் நடுவில் நிறுத்துகிறவள் இல்லை. பாய் எண்ணினார், ஐம்பத்தி இரண்டு. பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். பத்து மணிக்கு நாற்பத்தி நாலு. பன்னிரண்டுக்கு முப்பத்தி எட்டு. மூன்று தடவையும் எண்ணை எழுதி, பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதினாள். இருபதுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது.

பாயின் மனைவி பரிதா காலையிலிருந்து கட்டிலை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு மணி எண்ணிக்கை முடிந்ததும் செல்வமேரியிடம் வந்து நின்றாள்.

"சிஸ்டர், வூட்ல பொண்ணு மாஹிரா தனியா கீது. போய் ஒரு எட்டு பாத்துட்டு, துணிமணி எடுத்துகினு வந்துடட்டா? இவர இப்பிடி வுட்டுட்டுப் போறதுக்கும் மனசு வரல."

"தாராளமா போய்ட்டு வாங்கக்கா. பாய் நல்லா இருக்காரு. நான் பாத்துக்கறேன்."

பாய் படுத்தபடியே, "போய்ட்டு வா. நான் இன்னா ஓடியா போய்டப் போறேன்?" என்றார். பரிதா அவரை முறைத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள்.

இரண்டு மணிக்கு ஜெயவேலு பார்க்க வந்தார். செல்வமேரி எண்ணச் சொன்ன நேரம். பாய் முப்பத்தி இரண்டில் நின்றார். ஜெயவேலு கடகடவென்று சிரித்தார்.

"இன்னா பாய், முப்பத்தி ரெண்டுலயே படுத்துட்ட? கரையில தொண்ணூறு வரைக்கும் ஒரே தம்முல போவியே! இன்னைக்கு வூட்டுக்காரம்மா சோறு போடலயா?"

செல்வமேரியின் பேனா நின்றது.

"தொண்ணூறா?"

"பின்ன? ஏலக்காரரு சிஸ்டர் இவரு. மூச்சு வாங்கினா அந்த இடைவெளில எவனாவது பேரம் பேசிக் கொறச்சுடுவான்."

அவள் சார்ட்டைப் பார்த்தாள். ஐம்பத்தி இரண்டு, நாற்பத்தி நாலு, முப்பத்தி எட்டு, முப்பத்தி இரண்டு. எல்லாம் அவள் கையெழுத்து. நாலு எண்ணும் படிப்படியாக இறங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. படித்த கண்ணுக்கு அது தெரியவில்லை. தொண்ணூறு எண்ணுகிறவனுக்கு முப்பத்தி இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு மூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

"பாய், தலையணையிலேருந்து தலையத் தூக்குங்க."

தூக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தலை அசையவில்லை.

டியூட்டி டாக்டர் ஹரிபிரசாத் சின்ன வயது, நல்ல பிள்ளை. ஆனால் புத்தகத்தை விட்டு ஒரு அடி இறங்க மாட்டார். "முப்பத்தி ரெண்டுதானே சிஸ்டர்? லிமிட் இருபது. ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு காட்டுது பாருங்க."

"அது கடைசியிலதான் சார் இறங்கும். இறங்க ஆரம்பிச்சா நமக்கு நேரம் இருக்காது. இவருக்கு தொண்ணூறு சார் நார்மல். கழுத்து தூக்க முடியல, வந்து பாருங்க."

"ஸ்ரீநிவாசன் சார் நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவாரு. அப்போ…"

செல்வமேரி காத்திருக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே போனை எடுத்துப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு டாக்டரைத் தாண்டி அவள் பேசினது அதுதான் முதல் தடவை. எதிர்முனையில் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஐ.சி.யூ.வுக்கு மாத்துங்க, டியூப் போடுங்க, எனக்காக நிக்க வேணாம் என்று உத்தரவு வந்தது. ஹரிபிரசாத் முகம் சிவந்தாலும், உத்தரவு கேட்டதும் ஓடினார்.

ஐ.சி.யூ.வில் மூன்று மணிக்கு எண்ணினபோது இருபத்தி ஆறு. பாய் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசினார். தொண்டைக்குள் குழாய் போடப் போகிறார்கள், மெஷின் அவருக்காக மூச்சு விடும், குழாய் இருக்கிற வரைக்கும் பேச்சு வராது என்று செல்வமேரி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"எத்தினி… நாளைக்கு?"

"சொல்ல முடியாது பாய். வாரக்கணக்கா ஆகலாம். மாசமும் ஆகலாம்."

கண்ணை மூடித் திறந்தார். "பரிதா… வரட்டும். ஒரு… வார்த்த. அரை மணி… குடும்மா."

வெளியே ஜெயவேலு கை போனில் கோவளத்துக்குப் பேசிவிட்டு வந்தார். வூட்டுக்காரம்மா பஸ் ஏறிட்டாங்களாம், கேளம்பாக்கம் தாண்டியிருப்பாங்க என்றார். ஹரிபிரசாத் கையில் குழாயோடு செல்வமேரியைப் பார்த்தார். இப்போது அவரே அவளிடம் கேட்டார்: "குடுக்கலாமா சிஸ்டர்?"

பாயின் உதட்டு ஓரத்தில் எச்சில் வழிந்தது. அதை விழுங்க அவரால் முடியவில்லை. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் அந்த அரை மணிகூடக் கிடைக்காது என்று செல்வமேரிக்குத் தெரியும்.

"வேணாம் சார். இப்பவே போடுங்க."

பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மருந்து ஏறி, கண் செருகிப் போயிற்று.

இருபத்தைந்து நிமிஷத்தில் பரிதா வந்தாள், கையில் துணிப்பை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயில் குழாயும் நெஞ்சு மெஷினுக்குத் தகுந்தாற்போல் ஏறி இறங்குவதுமாய்ப் புருஷனைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

"பேசிகினு இருந்த மனுசன வாயடைச்சுட்டீங்களேடி! அரை மணி கேட்டாராமே, ஜெயவேலு அண்ணன் சொல்றாரே. அரை மணி குடுத்தா உங்க வூட்டு சொத்தா அழிஞ்சுடும்? நீதானே போய்ட்டு வான்ன? நல்லா இருக்காருன்னியே!"

செல்வமேரி குனிந்து பையை எடுத்து ஓரமாக வைத்தாள். பதில் பெரிய டாக்டரிடமிருந்துதான் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பாயின் நெஞ்சில் சொந்தமாக ஒரு மூச்சுகூட இல்லை. இன்னும் அரை மணி விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று ஸ்ரீநிவாசன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "செல்வமேரியாலதான் இந்த மனுஷன் உயிரோட இருக்காரு" என்றார். பரிதா அதைக் காதில் வாங்கவில்லை. "அவ என் வூட்டுக்காரரு பக்கத்துல வரக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே ஆயிற்று. வேறு நர்சுகள் பாய்க்குச் சளி உறிஞ்சினார்கள், புரட்டிப் போட்டார்கள், மூடாத கண்ணுக்கு மருந்து விட்டு ஒட்டினார்கள். நாலாம் நாள் இமைகூட அசையவில்லை. பத்தாம் நாள் கழுத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். பரிதா பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வமேரி வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்:

"அக்கா, அவருக்கு எல்லாம் கேக்கும். மூளைக்கு ஒண்ணும் ஆகல. பேசுங்க."

"உனுக்கு இன்னா வந்துது? போய் உன் வேலயப் பாரு."

பதினாறாம் நாள் நர்ஸ் தினம். காண்டீனில் கேக் வெட்டினார்கள். மேட்ரன் மைக்கைப் பிடித்து, எண்ணிக்கையை வைத்தே ஆபத்தைக் கண்டுபிடித்த செல்வமேரி என்று புகழ்ந்து, ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்தார். ஹரிபிரசாத்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்பு எல்லாம் தாண்டிவிட்டது. அந்தக் கை தட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஷீல்டை மேஜையிலேயே வைத்துவிட்டு நேரே ஐ.சி.யூ.வுக்குப் போனாள்.

பரிதா நிமிர்ந்து பார்த்தாள். போ என்று சொல்லப் போனாள். அதற்குள் செல்வமேரி கட்டிலின் அந்தப் பக்கம் போய், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி நின்றாள்.

"அக்கா, நான் சீக்கிரம் டியூப் போட வெச்சேன்னு நீங்க என்னத் திட்றீங்க. நான் சீக்கிரம் பண்ணல. லேட்டா பண்ணினேன்."

பரிதாவின் விரலில் மணி நின்றது.

"அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு ஐம்பத்தி ரெண்டு. பத்து மணிக்கு நாப்பத்தி நாலு. எறங்குதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். பாய் என்ன தொழில் பண்றாருன்னு உங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. நார்மல்னு எழுதினேன். பன்னெண்டு மணிக்கும் நார்மல்னு எழுதிட்டு, உங்களப் போய்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."



"அப்ப…" பரிதா தஸ்பீஹைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "பத்து மணிக்கே நீ சொல்லியிருந்தா, நான் பக்கத்துல இருந்திருப்பேன். அவரு பேசியிருப்பாரு."

"பேசியிருப்பாருக்கா. மூணு, நாலு மணி நேரம் இருந்துச்சு."

பரிதா எழுந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று செல்வமேரி நினைத்தாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். பரிதா அடிக்கவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. அழுது முடித்துத் திரும்பியவள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒட்டியிருந்த கண்ணின் ஓரம் ஈரமாகி, காது வரைக்கும் வழிந்திருந்தது. மருந்தா கண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது. பரிதா அதை விரலால் துடைத்தாள்.

"எல்லாரும் உன்னச் சாமி மாதிரிப் பேசிகினு கீறாங்க. நீ வாயத் தொறக்காம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

செல்வமேரி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல சிஸ்டர். போடின்னு தொரத்தவும் வரல. போனது என் பேச்சு இல்ல, அவரு பேச்சு. உன்ன இன்னா பண்றதுன்னு அவருதான் சொல்லணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்ப வாய் தொறப்பாரு?"

"ரெண்டு மாசம் ஆகலாம். மூணும் ஆகலாம். வராமயும்…"

"வருவாரு. அது வரைக்கும் நீதான் இவரப் பாக்கணும். வேற யாரும் கை வெக்கக் கூடாது. உன் பெரிய டாக்டர் கிட்ட நான் பேசிக்கிறேன். அவரு கண்ணத் தொறந்து, உன்ன நேராப் பாத்து, திட்றதோ விடறதோ, அதக் கேக்கறதுக்கு நீ இங்க இருக்கணும்."

"இருக்கேன்க்கா."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஆகியிருந்தது. புரட்டிப் போட வேண்டிய நேரம். செல்வமேரி கையைக் கழுவிவிட்டு வந்து, பாயின் காதருகே குனிந்தாள்.

"பாய், நான் செல்வமேரி. உங்கள இடது பக்கம் திருப்பப் போறேன்."

பரிதா மறு பக்கம் போய் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாங்க, நானும் இங்கதான் கீறேன்" என்றாள்.