வலப்பக்க இதயக்காரர்கள்

இருமல் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டதால்தான் தையல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மெஷினில் காலை வைத்தால் இருமல், காலை எடுத்தால் இருமல். ஒருவருடைய பேன்ட்டில் ஜிப் பாம்பு மாதிரி வளைந்து போய்விட்டது. "முதல்ல நெஞ்சைக் காட்டிட்டு வாங்க, அப்புறம் அடுத்தவங்க துணியைத் தொடுங்க" என்று மனைவி பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள்.

எக்ஸ்ரே அறையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி நின்றார். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கும் அம்மா சுவருக்குப் பின்னால் ஓடினாள். இவ்வளவு அவசரமாக ஒளிந்துகொள்ளும் அளவுக்குத் தம்மிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சற்றுக் கலக்கமாகத்தான் இருந்தது.

நெஞ்சு டாக்டர் இளைஞர். படத்தைத் திரையில் போட்டவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, உங்க இதயம் வலது பக்கம் இருக்கு."

"ஐயையோ, எப்பங்க அங்க போச்சு?"

"போகலை. பொறந்ததுல இருந்தே அங்கதான் இருக்கு. பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்."

தையல்காரர் இடது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "இங்கதானே டாக்டர் அடிக்குது?"

டாக்டர் குழாயை அங்கே வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா, பலமாத்தான் கேக்குது. அது எதிரொலி. படத்துல 'எல்'னு எழுத்துப் போட்டிருக்கு பாருங்க, அது இடது. இதயம் எதிர்ப்பக்கம். படத்தை விடவா?"

திங்கட்கிழமை பெரிய ஸ்கேன் எடுத்து உறுதி செய்வதாக டாக்டர் சொன்னார். இருமலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வீட்டில் சொன்னதும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அதானே பாத்தேன். இத்தனை வருஷமா நான் சொல்ற ஒரு வார்த்தை உங்க மனசுல ஏறல. தப்பான பக்கம் நின்னு பேசியிருக்கேன்."

அவளுடைய தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. "எங்க மாமாவுக்கு இதயமே வேற மாதிரி" என்று தெருமுனை வரைக்கும் பரப்பிவிட்டான். வந்தவர்கள் எல்லாரும் தையல்காரரின் வலது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். "ஆமாங்க, லேசாத் தெரியுது" என்றார்கள். ஒருத்தர் தமக்கு உள்ளங்கையே அதிர்ந்ததாகச் சொன்னார். தையல்காரரும் நடையை மாற்றிக்கொண்டார். வலது தோளைச் சற்று முன்னே தள்ளி நடந்தார். பஸ்ஸில் நெரிசல் என்றால் பையை வலது நெஞ்சில் அணைத்துக்கொண்டார். மனைவி மட்டும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு இந்தப் பக்கந்தான் கேக்குது" என்று இடதைக் காட்டினாள்.

"அது எதிரொலி" என்றார் அவர், டாக்டர் குரலில்.

திங்கட்கிழமை இருவரும் ஸ்கேன் அறை வாசலுக்குப் போனபோது பெஞ்சு நிறைய ஆட்கள். தையல்காரர் ஒரு கணக்கு டீச்சருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

"உங்களுக்கு என்னங்க?" என்று டீச்சர் விசாரித்தாள்.

"அது... எல்லாருக்கும் வர்றது இல்லீங்க. இதயம் வலது பக்கம்."

டீச்சரின் முகம் சுண்டிப் போனது. "எனக்கும் அதுதான்."

கல்யாணத்துக்கு ஒரே புடவையில் வந்துவிட்ட இரண்டு பேர் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த முடிதிருத்துபவர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் வலதுதாங்க." பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்க, கடைசியில் பெஞ்சு முழுக்கவே வலது.

டீச்சர் விரல் விட்டு எண்ணினாள். "பத்தாயிரத்துல ஒருத்தர்னா, நம்ம ஏழு பேருக்கு எழுபதாயிரம் பேர் வேணும். நம்ம ஊரையே மூணு தடவை எண்ணினாலும் வராது."

"பக்கத்து ஊரையும் சேத்துக்குங்க" என்றார் முடிதிருத்துபவர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

அப்போது டாக்டர் வந்தார். ஏழு பேரைப் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, ஆனந்தம்தான் வந்தது. "இந்த ஊர்த் தண்ணியில என்னமோ இருக்கு. சோதனைக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சக்கர நாற்காலியில் ஒரு பழைய லாரி டிரைவரை நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தாள். நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்து மனுஷன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஊசி குத்தித் தண்ணீரை இறக்க அழைத்துப் போகிறார்கள். மடியில் எக்ஸ்ரே படம்.

"டாக்டர்... ஒரு சந்தேகம்" என்றார் டிரைவர், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியபடி. "விபத்துல எனக்கு வச்ச தகடு... வலது தோள்ல. படத்துல... இடது தோள்ல இருக்கே?"

"தகடு சில நேரம் நகரும்."

"ஒரு தோள்ல இருந்து... இன்னொரு தோளுக்கா? கழுத்தைத் தாண்டியா?"

"உங்க இதயமே வலது பக்கம் இருக்கு. உங்க உடம்புல எதுவும் நடக்கும்."

"அடைக்கறது வலது பக்கம்... நீங்க ஊசி குத்த... இடது பக்கம் மை போட்டிருக்கீங்க."

தையல்காரரின் மனைவி எழுந்து போய் நாற்காலியின் முன்னால் நின்றுவிட்டாள். "வண்டியை நிறுத்தும்மா! டாக்டர், முதல்ல அவர் சட்டையை விலக்கித் தோளைப் பாருங்க. தழும்புமா நகரும்?"

டாக்டர் விலக்கிப் பார்த்தார். வலது தோளில் நீளத் தழும்பு. விரல் வைத்தால் அடியில் தகடு கட்டியாகத் தட்டுப்பட்டது. அவர் படத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

எக்ஸ்ரே அம்மாவை ஓடி வரச் சொன்னார்கள். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பியிருக்கு டாக்டர்! போன வாரம் ரிப்பேர் பாக்க வந்தவர் திருப்பிப் போடற பொத்தானை அமுக்கிவிட்டுட்டுப் போயிருக்கார். முன்னாடி 'எல்'னு ஈயத்துல செஞ்ச எழுத்தை நானே பலகையில ஒட்டுவேன். படம் திரும்பினா எழுத்தும் திரும்பும், உடனே தெரிஞ்சிடும். அது தொலைஞ்சு போச்சு. வேற கேட்டா, கம்ப்யூட்டரே எழுத்துப் போடுதே, அது எதுக்குன்னுட்டாங்க. கம்ப்யூட்டருக்கு ஆளா தெரியும்? மூலையில எழுதிட்டுப் போயிடுது."

டிரைவருக்கு அங்கேயே மறுபடி படம் எடுத்தார்கள். தண்ணீர் வலது பக்கம்தான். மையை அழித்து, சரியான பக்கத்தில் ஊசி குத்தித் தண்ணீர் இறங்கியதும், "அப்பாடா" என்று முழு மூச்சு விட்டார் மனுஷன். தையல்காரர் கதவிடுக்கில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் குத்தியிருந்தால் நல்ல நுரையீரலும் ஓட்டையாகியிருக்குமே என்று நினைத்தபடி தம் இடது நெஞ்சைப் பொத்திக்கொண்டார்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கோ துக்கம் விசாரிக்க வந்த முகம். "எதுக்கும் ஸ்கேனையும் எடுத்துடலாமா?" என்று டாக்டர் ஈனக்குரலில் கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். தேவையில்லாத கதிரை எதுக்கு உடம்புல வாங்கணும்? சின்னப் படமே போதும்" என்றாள் எக்ஸ்ரே அம்மா. ஆறு பேர் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். கணக்கு டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று பழைய படத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரி தேடிப் போய்விட்டாள்.

தையல்காரரின் புதுப் படத்தில் இதயம் இடது பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வலது நுரையீரலின் அடியில் சளி கட்டியிருந்தது.

"அப்ப நான் சாதாரண ஆளா டாக்டர்?"

"ரொம்ப சாதாரணம்."

மாத்திரையில் இருமல் போய்விட்டது. ஆனால் டாக்டருக்குப் பிடித்தது போகவில்லை. இப்போதெல்லாம் யார் உள்ளே வந்தாலும் முதல் கேள்வியே, "உங்க இதயம் எந்தப் பக்கம்?" என்பதுதான். இதுகூடத் தெரியாத டாக்டரிடம் எப்படி உடம்பைக் காட்டுவது என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப் பேர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள்.