சீட்டில் விழாத கிணறு

புரொபசர் ஆரோக்கியநாதன் எங்களுக்கு ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் நடத்தினார். ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்த்திராத மனிதர். ஆனால் எந்தெந்தக் கிணற்றை அளந்தால் ஊர் நிலவரம் முழுக்கத் தெரியும் என்று கரும்பலகையில் எழுதியே காட்டிவிடுவார். "எதை அளப்பது என்று நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுப் போட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான். கடவுளே வந்து கெஞ்சினாலும் மாற்றக் கூடாது" என்பார். எம்.ஈ. படித்த நாங்கள் எல்லோரும் அதை வேதவாக்காக எழுதிக்கொண்டோம். எழுதுவதற்கு என்ன கேடு?

கிருபாராணி மட்டும் அதை நம்பிவிட்டாள். வகுப்பில் ஒரே பெண், கிருஷ்ணகிரிக்காரி. பாகலூர்ப் பக்கம் பம்புசெட் மோட்டார்கள் ஏன் அடுத்தடுத்து எரிகின்றன என்பது அவளுடைய ஆய்வு. விவசாயிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பட்டணத்தில் சொன்னார்கள். கரண்ட் சரியாக வருவதில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் சூடேறி எரிந்துவிடும்; அதனால் சில கிணறுகளில் மோட்டார் ஓடும்போது அதை அளந்தால் யார் சொல்வது உண்மை என்று தெரிந்துவிடும். ஆனால் பெங்களூரிலிருந்து வரும் தேர்வாளர், கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்றுதான் முதலில் கேட்பார். அதில் கை வைத்திருந்தால் இரண்டு வருடப் படிப்பும் அடுப்புக்குத்தான். முந்தின வருடம் ஒருவன் அப்படித்தான் மூட்டை கட்டினான்.

1968 கோடையில் புரொபசர், அவள், கருவி தூக்க நான் என்று பாகலூர் போனோம். ஊரின் பெரிய நிலக்காரர் நாராயணப்பன் வீட்டில் தங்கினோம். டிரான்ஸ்பார்மர் அவர் தோட்டத்து வேலியை ஒட்டி நின்றது. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கிற ஆள் ஊரில் இல்லை. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார்கள். புரொபசர் மூன்றாம் தடவையும் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் கிணற்றுக்காரர்கள் பெயரையெல்லாம் எழுதிக் குடத்தில் போட்டுச் சீட்டு எடுத்தோம். லைனின் கடைசியில் இருந்த மாதம்மாள் கிணறு விழுந்தது. கங்கப்பன் கிணறு விழுந்தது. நாராயணப்பன் கிணறு விழவில்லை.

"ஏன் சார், ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிக வெச்சிட்டு என் ஊட்ட மட்டும் தாண்டிப் போறாப்பல இருக்குதே! சோறு என் ஊட்ல, கெணறு மாதம்மா கெணறா?" என்றார் நாராயணப்பன்.

"யாரையும் ஒதுக்கலைங்க. சீட்டு அப்படி விழுந்துடுச்சு" என்றாள் கிருபாராணி.

"எங்களுக்குத் தெரியாத சீட்டா? அம்மங்கிட்ட பூப் போட்டுக் கேக்கறவங்கதான நாங்க? ஒரு வாட்டி கேட்டா அவ வாய் தெறப்பாளா? மூணு வாட்டி கேக்கணும். அதான் மொறை."

கூட்டம் தலையாட்டியது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, நினைத்த பூ வராவிட்டால் மறுபடி கேட்பது அங்கே வழக்கம். நினைத்த பதில் வரும்வரை கேட்கிற பக்தி எங்கள் துறையிலும் உண்டு; அதற்கு டாக்டர் பட்டமே தருகிறார்கள்.

ஊர் வழக்கத்தை மதிப்பதும் ஆராய்ச்சி முறைதான் என்று புரொபசர் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தார். மறுபடி குலுக்கினோம். விழவில்லை. மூன்றாம் முறையும் குலுக்கினோம். மாரியம்மனுக்கும் அவருக்கும் என்ன பகையோ, அப்போதும் விழவில்லை.

"மொதல்ல விழுந்ததே இருக்கட்டும். கூடவே ஐயா கிணத்தையும் சேத்துக்குவோம்" என்றார் புரொபசர். ஐயாவைச் சேர்த்தால் ஐயாவின் தம்பியை விட முடியுமா? தம்பியைச் சேர்த்தால் மருமகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா? மூன்று கிணறும் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் கிணறுகள்.

தனியாகப் போய்ப் புரொபசரிடம் கெஞ்சினாள் கிருபாராணி. "சார், அங்க கரண்ட் முழுசா வரும். கடைசிக் கிணறுகளுக்குப் போறதுக்குள்ள கொறஞ்சிடும். இந்த மூணையும் சேத்தா சராசரி ஏறிடும். கரண்ட்ல கொறையில்ல, மாதம்மாதான் மோட்டாரக் கெடுத்தாங்கன்னு ஆயிடும். தேர்வாளர் என்னைச் சும்மா விட மாட்டார், சார்."

"சேக்கலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

சேர்த்தால் தேர்வாளர் தோற்கடிப்பார். சேர்க்காவிட்டால் புரொபசர் தேர்வுக்கே அனுப்ப மாட்டார். அவள் வேலியோரம் நின்று அழுதாள். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

சீட்டில் விழுந்த கிணறுகளை முதலில் அளந்தோம். மாதம்மாள் கிணற்றில் வோல்ட்மீட்டர் முள் பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்த வேகத்துக்கு எறும்பு முந்திப் போய்விடும்.

கடைசியாக நாராயணப்பன் முறை. மோட்டாருக்குக் குங்குமம், சாமந்தி மாலை. ஊரே கூடிவிட்டது. முள் கம்பீரமாக நின்றது. புரொபசர் அதைத் தாமே கண்டுபிடித்தவர்போலச் சிரித்தார்.

"ஒண்ண மட்டும் போட்டா என்னா பெரும? எல்லாத்தயும் போடட்டுமா சார்?" என்றார் நாராயணப்பன்.

"போடுங்க, போடுங்க! நல்லா போடுங்க!"

அவருடைய மற்ற மோட்டார்கள், தம்பி மோட்டார், மருமகன் மோட்டார், மாவு மில் எல்லாம் அந்த ஒற்றை டிரான்ஸ்பார்மரில் ஒரே நேரத்தில் ஓடின. முள் இறங்கியது. இன்னும் இறங்கியது. மோட்டார் முனகியது. பிறகு சாமந்தி மாலைக்குள்ளிருந்து புகை வந்தது.

"மோட்டார்க் காயில் கருகிப் போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

நாராயணப்பனுக்குக் கோபம் முதலில் தெலுங்கில் வந்தது. பிறகு தமிழுக்குத் திரும்பினார். "நீதான சார் போடச் சொன்ன? புது மோட்டார் யாரு குடுப்பா? நீ குடுப்பியா?"

புரொபசர் இரண்டடி பின்னால் போனார். "உங்க மோட்டாருக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? சீட்டுல விழாத கெணறு எங்க கணக்குலயே கெடையாது! எல்லாரும் கேட்டுக்கங்க!"

"அப்ப அவர் தம்பி கெணறு, மருமகன் கெணறு, சார்?" என்றாள் கிருபாராணி.

"அதுவும்தான்! விழாதது எதுவுமே கெடையாது!"

அவள் கிணற்றுப் பட்டியலில் மூன்று பெயரையும் அடித்துவிட்டுத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நாராயணப்பன் அவளிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, கரண்டு கொறஞ்சிதான எரிஞ்சுது? நீயே பாத்த. அத எழுதும்மா. உன் பரிச்சைக்கும் நல்லதுதான?"

அவள் கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி அந்த ஊரில் இல்லை. அவள் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கரண்டு கொறஞ்சிதாங்க எரிஞ்சுது. ஆனா எழுத முடியாதுங்க. உங்க கெணறு சீட்டுல விழலைங்க."