வடிதாளின் முதல் தண்ணீர்

காலை ஏழு மணிக்கு ஆற்று மதகை மூடச் சொன்னது நான். பத்தரைக்கு அண்ணி போன் செய்தாள்.

"டயாலிசிஸ் மெஷினுக்கு வர்ற தண்ணி குறையுதாம். உங்க அண்ணனை ஏத்தி ஒரு மணி நேரம்தான் ஆச்சு. உங்க ஆபீஸ்ல யாரையாவது கேட்டுச் சொல்லேன்."

"கேக்குறேன் அண்ணி" என்றேன். யாரைக் கேட்பது? ஊருக்குத் தண்ணீர் விடும் இந்தக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் நான் ஒருத்திதான்.

மழை பெய்தால் மேற்கே காட்டில் மக்கிய இலையெல்லாம் கரைந்து ஆறு டீ நிறத்தில் வரும். அப்படிக் கரைந்து வரும் கரிமத்தோடு குளோரின் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாத சேர்மங்கள் உண்டாகும். எங்கள் எல்லை லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் கரிமம். காலையில் கருவி காட்டியது பத்தொன்பது. அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. மூடச் சொன்னேன். ஒன்பது மணிக்குப் படகில் போய் எடுத்து வந்த மாதிரியும் பத்தொன்பதை ஒட்டித்தான் வந்தது.

இன்ஜினியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேரங்காலம் தெரியாமல் ஜோக் அடிப்பவர்.

"என்னம்மா, ஆறு இன்னும் கோவமாத்தான் இருக்கா? மேல்நிலைத் தொட்டி இன்னும் முக்கால் மணி நேரம் தாங்கும். ஆஸ்பத்திரி லைன் மேட்டுல இருக்கு, அதான் முதல்ல காயுது."

அண்ணன் அங்கே படுத்திருப்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் உடனே திறந்துவிடுவார். அவர் திறக்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பத்தொன்பதுக்கு நல்ல கடுந்தேநீர் நிறம் வேண்டும். இது டீப் பையை ஒரு தடவை முக்கி எடுத்த வெந்நீர் போல இருந்தது. என் ஆசைதான் நிறத்தைக் குறைத்துக் காட்டுகிறதோ என்று கண்ணின் மேலேயே சந்தேகம். இது கண்ணுக்குரிய வேலை இல்லை. மாதிரியை வடிதாளில் வடிகட்டிய அதே முறையில், சுத்தமான தண்ணீரை வடிகட்டிக் கருவியில் போட்டேன். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். அவசரத்தில் விட்டிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து எண் வந்தது. பன்னிரண்டு புள்ளி எட்டு.

ஆற்றின் சொட்டுக்கூடக் கலக்காத தண்ணீர் அது. இந்தக் கரிமம் வடிதாளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். புதுத் தாளை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் மாதிரியை ஊற்ற வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்கள் இதை மறந்தால் சாமியாடுகிறவள் நான். இன்று விடிந்ததும் அண்ணனுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அண்ணி சொல்ல, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே எல்லா வடிகலங்களிலும் தாளைப் பொருத்தினேன். அதன் பிறகு, கழுவியாயிற்று என்ற நினைப்பிலேயே மாதிரியை ஊற்றிவிட்டேன்.

ஒரு தாளைக் கழுவினேன். ஆற்று மாதிரியை அதில் வடிகட்டிக் கருவியில் போட்டேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. கால் மணி நேரம் அந்தக் கருவியின் முன்னால் நின்றேன். ஐந்து புள்ளி ஒன்பது. நம்பாமல் இன்னொரு தாளைக் கழுவி மறுபடி போட்டேன். ஆறு புள்ளி ஒன்று.

"சார், திறக்கச் சொல்லுங்க!"

அவர் போனில் கத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மெஷின் கோளாறுன்னு எழுதிக்கலாம்மா. யாரும் கேக்க மாட்டாங்க."

"மெஷின் பாவம் சார். தாளைக் கழுவாதது நான்."

பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"இப்பதான் பாதியில கழட்டினாங்க" என்றாள். "நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க. வீக்கம் அப்படியே இருக்கு, மூச்சு வாங்குது. ராத்திரியை எப்படித் தள்ளப் போறேனோ. எந்தப் புண்ணியவான் தண்ணிய மூடச் சொன்னானோ, அவன் நல்லா இருப்பானா?"

"நான்தான் அண்ணி."

ஆஸ்பத்திரியில் யாரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி அவ்வளவு கெட்டுப்போயிருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவள் கெஞ்சுவது போல இருந்தது.

"இல்ல அண்ணி. நல்லாத்தான் இருந்துச்சு."