சின்ன ரூம் யாருக்கு

ஆனி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஆடி பிறந்துவிட்டால் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். வீட்டுக்கார அம்மா சின்னப்பாப்பா அதை போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் பால் காய்ச்சிவிட்டால் போதும், சாமான்களை ஆடியில் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆவணி வரைக்கும் சாவியை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்றும் சொன்னார். பால் காய்ச்சிய வீட்டை அன்றைக்கு இருட்டில் விடக் கூடாது. யாராவது ஒருத்தர் விளக்கு வைத்து, அங்கேயே படுத்து எழுந்திருக்க வேண்டும்.

அந்த ஒருத்தர் சுடர்விழிதான் என்று முடிவானதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குடிவரப்போகிற நான்கு பேரில் அவள் ஒருத்திதான் இப்போது ஊரில் இருந்தாள். துர்காவும் அறிவுமதியும் மாலாவும் நர்சிங் இரண்டாம் வருடப் பரீட்சையை முடித்த கையோடு பண்ருட்டி, திண்டிவனம், நெல்லிக்குப்பம் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்று பேரும் முதல் வருடத்திலிருந்து ஹாஸ்டலில் ஒரே அறை. சாப்பாடு பிடிக்காமல் வெளியே வீடு பார்த்தபோது, நான்கு பேர் இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்று வகுப்பில் கேட்டார்கள். யோசிப்பதற்கு முன்பே சுடர்விழியின் கை உயர்ந்துவிட்டது.

அவளுக்கு வீடு வேண்டியிருந்தது உண்மை. அப்பா இல்லை. அம்மா மே மாதம் பாரிசுக்குப் போய்விட்டாள். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்த ஒரு சொல்தா குடும்பத்தின் வயதான அம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. முத்தியால்பேட்டை வீட்டை இந்த மாதத்தோடு காலி செய்தாக வேண்டும். ஆனால் அவள் கை உயர்த்தியது அதற்காக மட்டும் இல்லை. மதிய இடைவேளைகளில் அந்த மூவரும் தங்கள் அறைக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பதைப் பக்கத்து பெஞ்சிலிருந்து இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலா தூக்கத்தில் பேசுவாளாம். ஒருநாள் யாரிடமோ, "ரெண்டு முழம் குடு, அளந்து குடு" என்று பூ பேரம் பேசினாளாம். அறிவுமதி கால் போட்டால் எருமை விழுந்த மாதிரி இருக்குமாம். சுடர்விழிக்கு அந்தப் பூ பேரத்தை ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இன்னொருத்தர் மூச்சு விடுகிற அறையில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மொழிபெயர்ப்பு நாவல்களை அவள் நிறைய படிப்பவள். பனி கொட்டும் ஊர்களில், மாடி அறைகளில், வாடகைக்கு இருக்கும் மனிதர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவிளக்கைப் பார்த்தபடியே பக்கம் பக்கமாக யோசிப்பார்கள். அப்படிப்பட்டவர்களை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அம்மா போன பிறகு, முத்தியால்பேட்டை வீட்டில் போனில் ஏதாவது பேச்சு வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிய இரண்டு மாதத்தில் ஒன்று விளங்கிவிட்டது. அவர்களைப் படிக்கலாம், அவர்களாக இருக்கக் கூடாது.

கோரிமேட்டில் ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்கு வந்த கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மருந்துச் சீட்டும் தண்ணீர் பாட்டிலுமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு. மாடிப் படியில் சின்னப்பாப்பா காத்திருந்தார். முடியில் பாதி நரை, வாயில் வெற்றிலை, கண்ணில் ஒரு கணக்கு.

"இன்னாமா, ஒண்டியாவா வந்த? மத்த மூணு எங்க?"

ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று வாய் வரை வந்த பொய்யை விழுங்கிவிட்டு, ஆடியில் வருவார்கள் என்று உண்மையைச் சொன்னாள். உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, ஒரு குடம் தண்ணீர், சாமி படம் எல்லாம் வரிசையாக உள்ளே போயின. வலது காலை எடுத்து வைத்தாளா என்று சின்னப்பாப்பா குனிந்தே பார்த்தார்.

ஹால், சமையல் மேடை, இரண்டு அறை. தெருப்பக்கம் பெரிய அறை. பின்பக்கம் சின்ன அறை. அதில் ஒரு ஜன்னல், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு முருங்கை, சுவரில் சிமெண்ட் அலமாரி. அறைக்கு இரண்டு பேர் என்று சுடர்விழி மனதுக்குள் எப்போதோ பிரித்து வைத்திருந்தாள். தன்னோடு யார் என்பதுதான் தெரியவில்லை. மூவரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால், மூன்று பேரில் ஒருத்தியைப் பிரித்துத் தா என்பது போல ஆகிவிடுமே.

பெருக்கித் துடைத்து முடித்ததும் பை பிரிந்தது. துர்கா முன்கூட்டியே அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த புத்தம்புது கரண்ட் அடுப்பு. அம்மா குடிபோன ஒவ்வொரு வாடகை வீட்டிலும் பால் காய்ச்சிய, ஈயம் பூசிய பித்தளைக் குண்டான். அடுப்பைச் சொருகி, குண்டானை வைத்து, பாலை ஊற்றி, பொத்தானை அழுத்தினாள். அடுப்பு கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கத்தல்.

"அது ஏன்மா அப்டி கத்துது?"

இந்த இண்டக்‌ஷன் அடுப்பில் பித்தளை வேலை செய்யாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னாள்.

"நெருப்பும் தெரியல, பித்தளையும் தெரியல. அப்புறம் அதுக்கு இன்னாதான் தெரியும்?" என்று சின்னப்பாப்பா முந்தானையைச் செருகிக்கொண்டு கீழே இறங்கினார். தேர் சமயத்தில் சுண்டல் போட வைத்திருக்கிற சின்ன சிலிண்டர் அடுப்போடு மூச்சுவாங்க ஏறி வந்தார். ராகுகாலம் வருவதற்குள் முடி, முடி என்று அவசரப்படுத்தினார்.

சுடர்விழி மூவரையும் வீடியோவில் அழைத்து, போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தாள். திரையில் நான்கு கட்டம். துர்கா முகத்தில் கடலைமாவு பூசியிருந்தாள். அறிவுமதி எங்கேயோ பஸ்ஸில். மாலா அப்போதுதான் எழுந்தவள் போல இருந்தாள். நான்காவது கட்டத்தில் தன் முகத்தைப் பார்த்ததும் சுடர்விழிக்குத் தொண்டைக்குள் ஏதோ இனித்தது. பால் நுரைகட்டி, ஒரு கணம் தயங்கி, குண்டானின் கிழக்குப் பக்கமாக வழிந்தது. சின்னப்பாப்பா நிம்மதியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போனுக்குள் மூவரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் துர்கா சொன்னாள்.

"சுடர், ஒரு விஷயம். நேத்து நாங்க மூணு பேரும் பேசிட்டோம். சின்ன ரூம் உனக்குத்தான். உனக்கு மட்டும்."

"எனக்கு மட்டுமா?"

"நாங்க பெரிய ரூம்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம். நீதான எல்லா வேலையும் ஒண்டியா செய்யற. அதுவுமில்லாம நீ புக்கு படிக்கற ஆளு, எங்க சத்தத்துல உன்னால படிக்க முடியுமா?"

"ராஜாத்தி மாதிரி இருடி," என்றாள் மாலா, கொட்டாவியோடு.

அவர்கள் முகத்தில் கபடம் ஏதும் இல்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அதனால்தான் சுடர்விழியால் மறுக்க முடியவில்லை. தேங்க்ஸ் என்றாள். அறிவுமதியின் பஸ் ஒரு பாலத்தடியில் நுழைந்தது, கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சின்னப்பாப்பா ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தனி ரூமுக்கு உலகத்தில் அவனவன் தவம் கிடக்கிறான், இந்தப் பெண் ஏன் பரீட்சையில் பெயிலான மாதிரி நிற்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கேட்கவில்லை. சிலிண்டரை நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன், கதவைத் தாழ் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மிச்சப் பால் குண்டானில் ஆடை கட்டியது. நான்கு பேருக்கு என்று ஊற்றிய பால். அவள் ஒரு டம்ளர் குடித்தாள். பிறகு சின்ன அறைக்குப் போய் நின்றாள். நல்ல அறைதான். முருங்கை இலை நிழல் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. நாவல்களில் வரும் யாராக இருந்தாலும் இந்த அலமாரியைப் பார்த்ததுமே காதலித்திருப்பார்கள். பெரிய அறையிலிருந்து மூவரின் சிரிப்பு சுவரைத் தாண்டி வருவதையும், தான் இங்கே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பதையும் அவளால் இப்போதே பார்க்க முடிந்தது. பக்கத்து பெஞ்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நடுவில் ஒரு சுவர் கூடுதல்.

மத்தியானம் கழிந்து அம்மா கூப்பிட்டாள். பால் நன்றாகப் பொங்கியதா, எந்தப் பக்கம் வழிந்தது, குண்டானைப் புளி போட்டு விளக்கினாயா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, உனக்கு அங்கே எப்படி என்று சுடர்விழி கேட்டாள்.

"எனக்கின்னா கொறச்ச? தனி ரூம் குடுத்திருக்காங்க. ஹீட்டர் இருக்குது, கட்டில் மெத்தை இருக்குது. கதவ சாத்திட்டா ஒரு சத்தம் வராது. ராஜ மரியாதை," என்றாள் அம்மா.

அந்தக் குரலை சுடர்விழி அறிவாள். காலையில் அவள் தேங்க்ஸ் சொன்னதும் அதே குரலில்தான்.  அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு மாத்திரை நேரம் என்று அம்மா போனை வைத்தாள்.

யோசிக்க ஆரம்பித்தால் செய்யமாட்டோம் என்று தெரிந்ததால், சுடர்விழி உடனே துர்காவைக் கூப்பிட்டாள்.

"துர்கா, எனக்கு அந்த ரூம் வேணாம்."

"ஏன், ஒழுகுதா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் இன்னா? பேய் கீய் இருக்குதா?"

"தனியா படுக்க வேணாம்னுதான் இந்த வீட்டுக்கே வரேன்."

அந்தப் பக்கம் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். துர்கா சத்தத்தைக் குறைத்தாள்.

"லூசாடி நீ? அந்த ரூமுக்கு நாங்க மூணு பேரும் அடிச்சிக்கிட்டோம். யாருக்குக் குடுத்தாலும் சண்டை வரும்னுதான் உனக்குக் குடுத்தோம்."

இதை சுடர்விழி எதிர்பார்க்கவில்லை. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"யாராவது ஒருத்தர் என்கூட இங்க வரலாமே," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

 மூன்று பேரும் இரண்டு வருடமாகப் பிரிந்து படுத்ததில்லை, பழகிவிட்டது என்று துர்கா தடுமாறினாள். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அது இல்லை என்பதற்கு மரியாதையான வார்த்தை என்று சுடர்விழிக்குப் பட்டது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெயில் இறங்கியது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். கீழே தெருவில் மாவு அரைக்கப் போகிறவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். ஒரு நாவலை எடுத்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தப் பத்தியில் ஒருவன் கடிதத்துக்காகக் காத்திருந்தான். அவனுக்குக் கடிதம் வருமா என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

இருட்டும் நேரத்துக்கு அறிவுமதியின் குரல் செய்தி வந்தது.

"நல்லா கேட்டுக்கடி. யாரும் யாரையும் விட்டுட்டு வர மாட்டாங்களாம். அதனால சின்ன ரூம்ல பெட்டி, பக்கெட்டு, துணி எல்லாம் போட்டுடலாம். நாலு பேரும் பெரிய ரூம். ஆனா ஃபேனுக்குக் கீழ மூணு பாய்தான் கொள்ளும். எங்க எடத்த நாங்க விடமாட்டோம். உனக்குக் கதவோரம்தான், காத்து வராது. பாத்ரூம் போறவங்க உன்ன மிதிச்சிட்டுத்தான் போகணும். ஓகேன்னா சொல்லு. அப்புறம் வந்து அழக் கூடாது."

பின்னால் மாலாவின் குரல் கேட்கவில்லை, துர்காவின் குரலும் இல்லை. அவரவர் ஊரில் இருந்தபடி, அவளைச் சேர்க்காமல் பேசி முடித்திருக்கிறார்கள். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. கதவோரம் நல்ல இடம் இல்லை என்பதும் புரியாமல் இல்லை. ஓகே என்று எழுதினாள். அனுப்பிய பிறகு, மிதிக்கிறவர்கள் மெதுவாக மிதிக்கவும் என்று இன்னொன்று அனுப்பினாள். அதற்கு அறிவுமதியிடமிருந்து பதிலுக்கு ஓர் எருமைப் படம் வந்தது.

சுடர்விழி பாயை எடுத்துக்கொண்டு பெரிய அறைக்குப் போனாள். அறை முழுக்கக் காலியாக இருந்தது. ஃபேனைப் போட்டாள். நடுவில் விரித்தால் காற்று நேராக விழும், கேட்கவும் ஆள் இல்லை. அவள் கதவோரத்தில் விரித்தாள். ஒருக்களித்துப் படுத்து, எதிரே இருந்த வெறும் தரையைப் பார்த்தாள். காற்று நிஜமாகவே வரவில்லை. ஆள் நடக்கக் கொஞ்சம் வழி வேண்டும் என்று தோன்றியதும், எழுந்து பாயைச் சுவரோடு ஒட்டி நகர்த்திப் போட்டுவிட்டு மறுபடி படுத்தாள்.